கோன்ஃபிளவர் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

கோன்ஃபிளவர் என்கிற எக்கினேசியா வட அமெரிக்கப் புல்வெளிகளில் உரமும் கவனிப்பும் இல்லாமல் வளர்ந்து பழகிய செடி. தோட்டத்துக்கு வந்தபின் அதற்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை நாம் ஆசையாக ஊற்றும் தண்ணீரிலும் போடும் உரத்திலும்தான் தொடங்குகின்றன. அதனால் எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும், கீழே போகுமுன் மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள்.

விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விட்டு ஈரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மூடாக்கை விலக்கி, செடியின் தூரைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், அழுத்தினால் அமுங்கக் கூடாது. அப்புறம் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இந்த மூன்றையும் பார்க்காமல் மருந்து பாட்டிலைத் திறப்பது வீண் வேலை.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், செலவு பிடிக்கும் காரணம் கடைசியிலும் இருக்கின்றன. அந்த வரிசையிலேயே போங்கள்.

## விதை போட்டேன், முளைக்கவில்லை

போட்டது விதைதானா? காய்ந்த கூம்பை, அதாவது பூவின் நடுவில் மேடாக நிற்கும் பகுதியை, உதிர்த்தால் முள் மாதிரி கூரான செதில்கள்தான் அதிகம் விழும். அவை விதை அல்ல. அவற்றுக்கு இடையே வெளிர் நிறத்தில், நான்கு பட்டையாக, சிறிய ஆப்பு வடிவத்தில் இருப்பதுதான் விதை. அதையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். உள்ளே பருப்பு இருந்தால் எதிர்க்கும். சப்பையாக மடங்கினால் பதர். தோட்டத்தில் ஒரே ஒரு செடி இருந்தால் பதர்தான் அதிகம் கிடைக்கும், ஏனென்றால் இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒட்டி நகல் எடுத்ததுபோல் ஒரே ரகத்தில் பத்துச் செடி வைத்திருந்தாலும் இதே கதைதான். இரட்டை அடுக்குப் பூ ரகங்களிலோ பெரும்பாலும் விதையே பிடிக்காது.

குளிர் கொடுத்தீர்களா? ஊதா நிற வகையான பர்பூரியா குளிர் இல்லாமலும் ஓரளவு முளைக்கும். மஞ்சள் நிற பாரடாக்ஸாவும் வெளிர் ஊதா பாலிடாவும் குளிர் படாமல் லேசில் அசையாது. ஈர மணலிலோ ஈரத் தாளிலோ விதையை வைத்து, உறையில் போட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 முதல் 6 வாரம் வையுங்கள். பாரடாக்ஸாவுக்கும் பாலிடாவுக்கும் இன்னும் சில வாரம் கூடுதலாகத் தேவைப்படலாம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. காய்ந்த விதையைக் குளிரில் வைப்பதாலும் பயனில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் உறக்கம் கலையும்.

ஆழமாகப் புதைத்துவிட்டீர்களா? மேலே மெல்லிய தூவல் போதும். 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் 10 முதல் 20 நாளில் முளை தெரிய வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு வரவில்லை என்றால் விதை பழசு. பத்து விதையை ஈரத் தாளில் சுற்றிச் சோதியுங்கள். இரண்டு மூன்றுதான் முளைக்கிறது என்றால் புது விதை வாங்குவது மேல்.

## முளைத்த நாற்று அடியில் மெலிந்து சாய்கிறது

நாற்றழுகல். சாய்ந்தவை பிழைக்காது, எடுத்துப் போட்டுவிடுங்கள். மிச்சத்தைக் காப்பாற்ற மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தித் தட்டின் அடியிலிருந்து ஈரம் ஏற விடுங்கள், காற்றோட்டம் கொடுங்கள், நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள். அடுத்த முறை பழைய தட்டைக் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள்.

## செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை

### விதையில் வந்த முதல் ஆண்டுச் செடியா?

அப்படியென்றால் கோளாறே இல்லை. பெரும்பாலான விதைச் செடிகள் முதல் ஆண்டு முழுக்கத் தரையோடு இலைக்கொத்தாகவே இருக்கும். பவ்வாவ் வைல்டு பெர்ரி, செயென் ஸ்பிரிட் போன்ற சில ரகங்கள் சீக்கிரம் விதைத்தால் அதே ஆண்டில் பூக்கும். மற்றவற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

### இலை கரும்பச்சையாக, அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறதா?

தழைச்சத்து கூடிவிட்டது. பக்கத்துப் புல்தரைக்குப் போட்ட உரம் வழிந்து வந்திருக்கலாம், அதையும் யோசியுங்கள். உரத்தை அடியோடு நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மக்கிய உரம் ஒரு மெல்லிய அடுக்குப் போட்டால் இந்தச் செடிக்குத் தாராளம்.

### வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது?

நேரடி வெயில் 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நட்ட ஆண்டில் வெயில் இருந்திருக்கும், பக்கத்து மரம் வளர்ந்து இப்போது நிழல் விழும். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் போய்ப் பாருங்கள். உத்தேசமாகச் சொல்லும் கணக்கு எப்போதுமே கூடுதலாகத்தான் இருக்கும்.

### பகல் நீளம் போதுமா?

இதைப் பலர் கவனிப்பதில்லை. கோன்ஃபிளவர் மொட்டு வைக்கப் பகல் நீள வேண்டும். 13 மணி நேரத்தைத் தாண்டும்போது நன்றாக வைக்கும். ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும் வெப்பமண்டலப் பகுதிகளில் செடி இலைக்கொத்தாகவே உட்கார்ந்துவிடுவதற்கு இது முக்கியக் காரணம். குளிரும் கிடைக்காதபோது இன்னும் தயங்கும். தொட்டியில் இருந்தால் மாலையில் சில மணி நேரம் விளக்கு வெளிச்சம் கொடுத்துப் பாருங்கள். தரையில் இருந்தால் உரத்தாலும் மருந்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

### செடி பழசா?

நான்கைந்து ஆண்டான தூரின் நடு கட்டை தட்டி, ஓரத்தில் மட்டும் குருத்து வந்தால் பிரித்து நடும் காலம். பர்பூரியாவுக்குச் சல்லிவேர், பிரிக்கலாம். பாரடாக்ஸா, பாலிடாவுக்கு ஆணிவேர். அவற்றைக் கிளப்பினால் இழந்துவிடுவீர்கள்.

## பூ பச்சையாக வருகிறது, அல்லது கூம்பிலிருந்து இலைக்குஞ்சம் முளைக்கிறது

இந்த அறிகுறியில்தான் நிதானம் தேவை. ஒன்றுமில்லாததற்குச் செடியைப் பிடுங்குகிறவர்களும் உண்டு, பிடுங்க வேண்டியதைப் பாவம் பார்த்து விட்டுவைத்து மற்றதையும் இழப்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

### ஒன்று: இப்போதுதான் விரிகிறது

புதிதாக விரியும் எல்லாப் பூவிலும் இதழ் முதலில் பச்சை கலந்து, குட்டையாக, மேல் நோக்கி நிற்கும். நாள் போகப்போக நீண்டு நிறம் ஏறும். பூவில் ஒரு நூலைக் கட்டி வைத்து ஒரு வாரம் பொறுங்கள். நிறம் ஏறினால் பிரச்சினை இல்லை. வாங்கிய செடி என்றால் பெயர்ச்சீட்டையும் ஒருமுறை பாருங்கள். கிரீன் ஜுவல் போன்ற ரகங்களுக்குப் பச்சைதான் சொந்த நிறம்.

### இரண்டு: கூம்பின் உச்சியில் மட்டும் குஞ்சம், மற்றதெல்லாம் சரி

இதழ்கள் தங்கள் நிறத்தில் இருக்கின்றன, இலை பச்சையாக இருக்கிறது, செடி குட்டையாகவும் இல்லை. ஆனால் கூம்பின் மேல் சில இடங்களில் மட்டும் செதில்கள் நீண்டு, பச்சையோ இளஞ்சிவப்போ கலந்த சின்னக் குஞ்சமாக எழும்பியிருக்கிறது. இது பெரும்பாலும் கூம்புக்குள் குடியிருக்கும் நுண்ணிய சிலந்திப்பேனின் வேலை. கண்ணுக்குத் தெரியாது; சாதாரண பூதக்கண்ணாடியிலும் பிடிபடாது.

செய்ய வேண்டியது எளிது. அந்தப் பூக்களைத் தண்டோடு வெட்டி, உறையில் கட்டி வெளியேற்றுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். பருவம் முடிந்ததும் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டி, உதிர்ந்ததைப் பெருக்கி எடுங்கள். பேன் பூவின் உள்ளே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டாது. செடி உயிரோடு இருக்கும், அடுத்த ஆண்டு நல்ல பூ தரும்.

### மூன்று: செடி முழுக்கவே ஏதோ சரியில்லை

இதழ்கள் பச்சையாகவே நின்றுவிடுகின்றன, அல்லது சின்ன இலைகளாக மாறிவிடுகின்றன. கூம்பிலிருந்து காம்போடு குட்டிக் குட்டித் தலைகள் கிளம்புகின்றன. இலை வெளிறுகிறது, அடியில் மெல்லிய குருத்துகள் துடைப்பம் மாதிரி கொத்தாக வருகின்றன. முதலில் ஒரு தண்டில் மட்டும் தெரியும். அந்தத் தண்டை வெட்டினால் அடுத்ததில் வரும்.

இது ஆஸ்டர் மஞ்சள் நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் செடியின் சாறு ஓடும் குழாய்க்குள் இருப்பதால் வருவது. கத்தரியில் வரும் சிற்றிலை நோயும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பரப்புவது தத்துப்பூச்சி. மருந்து கிடையாது. ஒரு தண்டில் தெரிந்தாலே செடி முழுக்க இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேரோடு பிடுங்குங்கள், அன்றைக்கே. வாடிச் செத்த செடியில் இந்த நுண்ணுயிர் வாழாது. அதனால் மண்ணை மாற்ற வேண்டாம், அதே குழியில் வேறு செடி நடலாம். பக்கத்தில் சாமந்தி, ஆஸ்டர், கேரட் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். 300-க்கும் மேற்பட்ட தாவர இனங்களில் இந்த நோய் வரும். களையையும் எடுத்துவிடுங்கள், அதில்தான் நோய் ஒளிந்திருந்து திரும்ப வரும். தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பதை நான் சொல்ல மாட்டேன். அது எங்கிருந்தோ பறந்து வருவது. நீங்கள் அடிக்கும் மருந்தில் சாவது தேனீதான்.

எப்போது வெளி ஆளிடம் போவது? இரண்டாவதா மூன்றாவதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, செடியோ விலை உயர்ந்தது, அல்லது ஒரே பருவத்தில் பல செடிகளில் தெரிகிறது என்றால் தாவர நோய் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். அதுவரை சந்தேகமான செடியைச் சன்னமான வலையால் மூடி வையுங்கள்.

## ஆரஞ்சு வாங்கினேன், ஊதா பூக்கிறது

செடி நிறம் மாறுவதில்லை. ஆள் மாறியிருக்கிறது. ஆரஞ்சுச் செடி எப்போதோ செத்துப்போய், அதன் விதையிலிருந்தோ பக்கத்துச் செடி விதையிலிருந்தோ விழுந்து முளைத்த ஊதா அந்த இடத்தைப் பிடித்திருக்கும். வண்ணக் கலப்பினங்களின் விதை தாயைப் போல வராது. பார்ப்பதற்கு வழி: தூரைக் கொஞ்சம் தோண்டினால் பழைய செடியின் கட்டை தனியாகத் தட்டுப்படும். நிறம் முக்கியம் என்றால், பூ வாடியதும் விதை முற்றுமுன் தலையை வெட்டிவிடுங்கள்.

ஆரஞ்சு மெல்ல வெளிறி இளஞ்சிவப்பானால் அது வேறு. சூடான வெயிலில் பல ரகங்கள் பூ முதிரும்போது அப்படித்தான் ஆகும். இரட்டை அடுக்கு ரகம் முதல் ஆண்டு ஒற்றையாகப் பூப்பதும் உண்டு. இன்னொரு பருவம் பார்த்துவிட்டு விற்றவரிடம் கேளுங்கள். செயென் ஸ்பிரிட் விதை வாங்கியிருந்தால் புகாரே கிடையாது, அது பல நிறம் கலந்து வருவதற்கென்றே உள்ள ரகம்.

## வண்ணச் செடி ஒரு பருவம் ஜொலித்தது, அடுத்த ஆண்டு எழவே இல்லை

அடிக்கடி கேட்கும் புலம்பல் இதுதான். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ரகங்கள் பெரும்பாலும் ஊதா பர்பூரியாவை மஞ்சள் பாரடாக்ஸாவோடு கலந்து எடுத்தவை. நிறம் ஒரு பக்கமிருந்து வந்தது, ஈரத்தைத் தாங்காத குணமும் கூடவே வந்துவிட்டது.

முதலில், உண்மையிலேயே செத்துவிட்டதா? கோன்ஃபிளவர் தாமதமாக எழும். பக்கத்துச் செடிகள் துளிர்த்து மூன்று நான்கு வாரம் வரை பொறுங்கள். தூரைக் கிளறிப் பார்த்து உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள், வரும்.

முதல் ஆண்டே பூக்க விட்டீர்களா? கடையில் பூவோடு வாங்கிய செடியின் வேர் இன்னும் தொட்டியின் வடிவத்திலேயே இருக்கும். அது தன் பலத்தையெல்லாம் பூவில் செலவழித்துவிட்டு, பக்கக் குருத்து கட்டாமலே குளிருக்குள் போகிறது. நட்ட ஆண்டில் வரும் பூத்தண்டை வெட்டிவிடுங்கள். மனசு வராதுதான். ஒரு பூவை மட்டும் நிறம் பார்க்க விட்டு, மிச்சத்தை எடுங்கள். தூரைச் சுற்றிப் புதிய இலைக்கொத்துகள் எழுந்தால் செடி குளிரைத் தாண்டும் என்று நம்பலாம்; ஒற்றைத் தண்டாக மட்டும் நின்றால் சந்தேகம்தான்.

தாமதமாக நட்டீர்களா? மண் உறையுமுன் வேர் பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும்.

மூடாக்கு தூரை மூடுகிறதா? குளிருக்குப் பயந்து கனமாகப் போர்த்துவது இந்தச் செடிக்கு ஆகாது. பர்பூரியா −30 டிகிரியையும் தாங்கும். குளிரால் சாவதைவிடக் குளிர்காலத்து ஈரத்தில் அழுகிச் சாவதுதான் அதிகம். தூரைச் சுற்றி ஒரு கைப்பிடி அகலத்துக்கு மண்ணை வெறுமையாக விடுங்கள்.

வடிகால். 30 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 2.5 செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் வண்ண ரகம் நிலைக்காது. களிமண்ணில் ஒரு குழிக்கு மட்டும் மணல் போட்டு நிரப்பாதீர்கள், தண்ணீர் அங்கேயே வந்து தேங்கும். 20 முதல் 30 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி போடுவதுதான் சரியான வழி. செலவு ஆகும். அது முடியாதென்றால் ஊதா மேக்னஸ், வெள்ளை ஒயிட் ஸ்வான் போன்ற பழைய பர்பூரியா ரகங்களுக்குப் போய்விடுங்கள், அவை ஓரளவு பொறுத்துப்போகும்.

தோட்டம் முழுக்கவே தண்ணீர் நிற்கிறது என்றால் அது செடிப் பிரச்சினை அல்ல. நிலத்தின் சரிவைப் பார்த்து வடிகால் அமைக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## செடி வாடித் தொங்குகிறது

*நண்பகலில் வாடி, மாலையில் நிமிர்கிறதா?* வெயிலுக்குச் செடி செய்யும் தற்காப்பு. தண்ணீர் ஊற்றாதீர்கள்.

*மாலையிலும் நிமிரவில்லை, மண் காய்ந்திருக்கிறது.* நன்றாக ஊறும்படி ஒரே தடவை ஊற்றுங்கள். அடுத்த முறை மேல்மண் காய்ந்த பிறகுதான்.

*நிமிரவில்லை, மண் ஈரமாக இருக்கிறது.* இதுதான் ஆபத்து. வேர் அழுகுகிறது, தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை. வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவது முடித்தே விடும். செடியைக் கிளப்பி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் பகுதியை விட்டு, பழுப்பாகி உருவி வரும் வேரை வெட்டி, தண்ணீர் வடியும் கலவையில் தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். பாதிக்கு மேல் போய்விட்டால் முயற்சி வீண்.

*தூரில் வெள்ளை நூல் படலம், கூடவே கடுகளவு பழுப்பு உருண்டைகள்.* மண்ணில் பல ஆண்டு தங்கும் பூஞ்சை. அந்த உருண்டைகள்தான் அதன் வித்து. செடியை மண்ணோடு அள்ளி வெளியேற்றுங்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள், பக்கத்துப் பாத்திக்கு அந்த மண்ணைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது செடியிலும் கண்டால் வேளாண் அலுவலரையோ தாவர மருத்துவரையோ பாருங்கள். ஊகத்தில் மருந்து வாங்க வேண்டாம்.

## இலையில் கோளாறு

வெள்ளைப் பொடி பூசியதுபோல் இருந்தால் சாம்பல் நோய். பருவக் கடைசியில் வந்தால் கண்டுகொள்ளாதீர்கள், செடி சாகாது. சீக்கிரமே வந்தால் அடி இலைகளைக் கிள்ளி, செடிகளுக்கு இடையே 45 முதல் 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். பரவினால் பொட்டாசியம் பைகார்பனேட்டோ கந்தகமோ தெளிக்கலாம். கடும் வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும்.

கருப்புப் புள்ளி நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக நின்றால் பெரும்பாலும் பாக்டீரியா. வட்டமாக இருந்தால் பூஞ்சை. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: இலையில் தண்ணீர் படாமல் ஊற்றுவது, ஈரமாக இருக்கும்போது செடியைத் தொடாமல் இருப்பது.

நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலையில் தெரிந்தால் காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்பு கிடைக்கவில்லை. உரம் போடுமுன் மண் பரிசோதனை செய்யுங்கள். மண்ணின் கார அமிலநிலை (pH) 6-க்கும் 7-க்கும் நடுவே இருந்தால் சரி. அடி இலை மட்டும் மஞ்சளானால் வயசு, அல்லது ஈரம்.

## பூத்தலை துண்டாகித் தொங்குகிறது, இதழ் கடிபட்டிருக்கிறது

தலைக்குச் சற்றுக் கீழே தண்டில் ஊசியால் குத்தியது போல் வளையமாகப் புள்ளிகள் தெரிந்தால், வட அமெரிக்காவில் அது சூரியகாந்தித் தலையை வெட்டும் கூன்வண்டு. தொங்கும் தலைக்குள்தான் முட்டை இடும். அதனால் தொங்குவதையும் தரையில் விழுந்ததையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி அடுத்த ஆண்டு வரும்.

சாய்வாகக் கத்தியால் வெட்டியது போல் தண்டு போயிருந்தால் முயல். வலை கட்டுங்கள்.

இதழ் ஓரம் கந்தலாக இருந்தால் இரவில் டார்ச்சோடு போங்கள். ஓடில்லா நத்தையோ, வாலில் இடுக்கி வைத்த பழுப்புப் பூச்சியோ அகப்படும். பகலிலேயே பச்சைத் தலையும் செம்பு நிறச் சிறகுமாகக் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் ஜப்பானிய வண்டு. விடியற்காலையில் மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீருக்குள் தட்டிவிடுங்கள். வாசனைப் பொறி வாங்காதீர்கள், அது அக்கம்பக்கத்து வண்டையெல்லாம் உங்கள் தோட்டத்துக்கு அழைத்துவரும்.

## தண்டு சாய்கிறது

நிழல், அதிக உரம், நெருக்கம். மூன்றில் ஒன்று. இந்த ஆண்டுக்குக் குச்சி கட்டுங்கள். அடுத்த ஆண்டு மொட்டு வருமுன் தண்டை மூன்றில் ஒரு பங்கு கிள்ளிவிட்டால் குட்டையாக, கிளைத்து வரும். பூ சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

## ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும் முறை

ஒற்றை இலையைக் கிள்ளிக் கொண்டுபோனால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பாதி நோயுற்ற செடியாகப் பார்த்து வேரோடு தோண்டுங்கள். முழுதும் செத்ததில் அழுகல் பூஞ்சைகள்தான் கிடைக்கும். வேர்ப்பகுதியை மண்ணோடு தனி உறையில் கட்டி, மேல்பகுதியைக் காய்ந்த தாளில் சுற்றுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள். வாரத் தொடக்கத்தில் அனுப்பினால் விடுமுறையில் மூட்டைக்குள் கிடந்து அழுகாது. கூடவே ஒரு தாளில் எப்போது நட்டது, எப்போது அறிகுறி தெரிந்தது, இதுவரை என்னென்ன ஊற்றினீர்கள், தெளித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். தெளித்த மருந்தை மறைக்காதீர்கள், முதலில் கேட்பதே அதைத்தான்.